யார் படம் பிழைக்கிறது?

‘கர்ணன்’ பிழைத்துவிட்டான். ‘பாதை தெரியுது பார்’ செத்துவிட்டது. இது எப்படி நடந்தது என்பதை மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘கர்ணன்’ 1964ல் வந்த படம். பிலிம் கீறல் விழுந்து, நிறம் மங்கி, சத்தம் கரகரத்துக் கிடந்தது. 2012ல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்து மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தெட்டு வருஷத்துப் பழைய படம், புதுப் படங்களைத் தள்ளிவிட்டு நூறு நாளைத் தாண்டி ஓடியது. லாபம் கண்டதும் மற்றவை வரிசை கட்டி வந்தன. 2013ல் ‘பாசமலர்’. 2014ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’. 2015ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. நல்லதுதான். ‘கர்ணனை’ நானும் டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். கண் கலங்கினேன். அதில் வெட்கமில்லை.

ஆனால் 1960ல் வந்த ‘பாதை தெரியுது பார்’ எங்கே?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு பெரியவர். மே தினக் கூட்டம் முடிந்து, பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டார். வடமதுரைப் பக்கம். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் நின்றவர். நெஞ்சில் பஞ்சுத் தூசி. ஒரு பேச்சை இரண்டு மூச்சாகத்தான் பேசுவார்.

“தம்பி, அந்தப் படத்தை ஒரு நாள் சங்கத்துல போட்டுக் காட்டுங்கப்பா. சின்ன வயசுல எங்கய்யாவோட போய்ப் பார்த்தேன். டென்ட் கொட்டகை, தரை டிக்கெட். என் பேத்தி இப்ப மில்லு ஹாஸ்டல்ல இருக்கா. அவ பார்க்கணும்.”

“அந்தப் படம் கிடைக்கிறதில்லை, தோழர்.”

“செல்போன்லயே எல்லாப் படமும் வருதுங்கறாங்களே?”

“அது வராது. ரீலே இல்லை.”

அவர் நம்பவில்லை. “பாட்டு ரேடியோவுல கேக்குதே!” என்றார்.

பாட்டு இருக்கிறது. இசைத்தட்டுக் கம்பெனி விற்ற சரக்கு, அதனால் பிழைத்தது. படம் இல்லை. அதன் பிரதி எதுவும் இன்று கையில் இல்லை என்றுதான் தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

அது என்ன படம் என்று இளைய தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். டைரக்ட் செய்தவர் நிமாய் கோஷ். வங்காளி, காமிராக்காரர். தேசப் பிரிவினையில் வேரோடு பிடுங்கப்பட்ட கிழக்கு வங்காள ஜனங்களைப் பற்றி ‘சின்னமூல்’ என்ற படத்தை எடுத்தவர். அது 1950ல் வந்தது. கல்கத்தாவுக்கு வந்த சோவியத் டைரக்டர் புடோவ்கின் அதைப் பார்த்து, தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். அப்படிப்பட்ட மனிதர் பிழைப்புக்குச் சென்னை வந்து, இங்கேயே தங்கி, சினிமாத் தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்டுகிற வேலையிலும் தோள் கொடுத்தார். பல பங்குதாரர்கள் சேர்ந்து போட்ட பணத்தில் ‘பாதை தெரியுது பார்’ படத்தை எடுத்தார். இசை எம்.பி. சீனிவாசன், கம்யூனிஸ்டு. பாட்டு எழுதியவர்களில் ஜெயகாந்தன் உண்டு, கே.சி.எஸ். அருணாசலம் உண்டு, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உண்டு. பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபரில், இருபத்தொன்பது வயதில் போய்விட்டார். படம் திரைக்கு வந்ததைப் பார்க்கவில்லை.

தொழிலாளர் இயக்கத்தைக் கதையின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்த படம் அது. டெல்லி சர்க்காரின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. சான்றிதழைக் காட்டினால் தியேட்டர்காரன் படம் போடுவானா? போட மாட்டான். வசூல் இல்லை. வசூல் இல்லாத படத்துக்கு எத்தனை பிரிண்ட் போடுவார்கள்? கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் டவுனில் ஓடி, பிறகு சிற்றூர் டென்ட் கொட்டகைகளில் ஓடி, ஓட்டை ஓட்டையாய்க் கிழிந்து போகும். மூல நெகட்டிவ் லாபரட்டரியில் கிடக்கும். வாடகை கட்ட ஆள் இருக்கிறவரைக்கும் அதற்கு ஆயுசு. கட்ட ஆளில்லை என்றால் அது அனாதை. தமிழில் அனாதையான படங்கள் ஒன்றா, இரண்டா!

இந்த விஷயத்தில் எனக்கே ஒரு பாவக் கணக்கு உண்டு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது முடித்த பிறகு, இயக்கத்துக்கு வருவதற்கு முன்னால், திண்டுக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் தினக் கூலிக்கு நின்றேன். 1997ம் வருஷம். டி.வி.யும் கேசட்டும் வந்து டென்ட் கொட்டகைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் அப்படி மூடிய கொட்டகை ஒன்றிலிருந்து ஒரு டெம்போ நிறையச் சாமான் வந்து இறங்கியது. மடக்கு நாற்காலி, தகரம், கார்பன் விளக்கு, புரொஜக்டரின் பல்சக்கரங்கள். அவற்றோடு முப்பது நாற்பது பிலிம் டப்பாக்கள். டப்பாவைத் திறந்து ரீலை உருவித் தனியாகப் போடுவது என் வேலை. டப்பாத் தகரத்துக்கு ஒரு விலை, பிலிமுக்கு ஒரு விலை. கலர் பிலிமைவிடக் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குக் கூடுதல் விலை. ஏன் தெரியுமா? கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கிற நிழல் இருக்கிறதே, அது அத்தனையும் வெள்ளித் துகள். கலர் பிலிமைக் கழுவும்போதே வெள்ளி போய்விடும். கறுப்பு வெள்ளையில் வெள்ளிதான் படம். அதைக் கரைத்து எடுத்து விற்க ஆள் இருந்தது. மிச்சமான வெறும் பிலிம் வளையலுக்கும் பொம்மைக்கும் போகும்.

டப்பாக்களின் மேல் காகிதம் ஒட்டிப் படத்தின் பெயர் எழுதியிருந்தது. ஒன்றையாவது படித்தேனா? இல்லை. ஒரே ஒரு துண்டை மட்டும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். கூடையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த கட்டத்திலும் அவளே, அதற்கடுத்த கட்டத்திலும் அவளே. தராசுத் தட்டில் போட்டேன். சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கொட்டகை முதலாளியை நான் குறை சொல்லவில்லை. கடன்பட்டு மூடியவர் அவர். கடைக்காரரையும் சொல்லவில்லை, எடைக்கு வாங்கி எடைக்கு விற்றவர். ஒரு படம் என்பது எடைபோடுகிற சரக்கல்ல என்று அவர்களுக்கோ எனக்கோ சொல்ல இந்த நாட்டில் ஒரு சட்டமும் இல்லை. அதைத்தான் குறை சொல்லுகிறேன்.

புத்தகத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1954ல் பார்லிமெண்ட் போட்ட சட்டம். யார் புத்தகம் அச்சடித்தாலும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பிரதி கொடுக்க வேண்டும். நாலணாப் பிரசுரமானாலும் கன்னிமாராவில் ஒரு பிரதி உட்கார்ந்திருக்கும். சினிமாவுக்கு? காப்பகத்தில் ஒரு பிரதி கட்டாயம் வைக்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது. இந்தியா உலகத்திலேயே அதிகமாகப் படம் எடுக்கிற நாடுகளில் ஒன்று. எடுத்ததைத் தொலைப்பதிலும் நாம் சளைத்தவர்களல்ல.

கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் ஆயிரத்துக்கு மேல் மௌனப் படங்கள் எடுத்தார்கள். மிஞ்சியவை முப்பதுகூட இல்லை. சென்னை ராஜதானியில் எடுத்தவை மட்டும் நூற்றுக்கு மேல். தென்னாட்டுக் கணக்கில் முழுதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. நாகர்கோவில்காரர் சுந்தரராஜ் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’, 1933ம் வருஷத்துப் படம். அது பிழைத்த கதை வேடிக்கை. நாவலின் உரிமை எங்களுடையது என்று புத்தகக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. படத்தை ஜப்தி செய்துவிட்டார்கள். ஓட்ட முடியாமல் முடங்கிக் கிடந்ததால் தேயவில்லை, எரியவில்லை. எழுபதுகளில் புனே காப்பகத்தார் மீட்டு எடுத்தார்கள். ஓடியிருந்தால் செத்திருக்கும், வழக்கில் சிக்கியதால் பிழைத்தது!

1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இல்லை. அதில் கதாநாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி பிறகு தாமே டைரக்ட் செய்தார். தென்னாட்டில் ஒரு பெண் எடுத்த முதல் படம் அது, 1936ல் வந்த ‘மிஸ் கமலா’. அதுவும் இல்லை. வெள்ளைக்காரன் தடை போட்ட ‘தியாகபூமி’ இருக்கிறது. கே. சுப்ரமணியம் 1939ல் எடுத்தது. தடையைத் தாண்டி ஒரு பிரதி புனேயில் இருக்கிறது. வெள்ளைக்காரனிடமிருந்து தப்பிய படம் உண்டு, வெள்ளி வியாபாரியிடமிருந்து தப்பிய படம்தான் குறைவு.

பிலிம் தானாகவும் சாகும். 1950க்கு முந்திய பிலிம் நைட்ரேட் என்ற சரக்கில் செய்தது. பஞ்சுக் குடோன் மாதிரி, ஒரு பொறி போதும். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. 2003 ஜனவரியில் புனேயில் பற்றிய தீயில் பழைய ரீல்கள் ஏராளமாகப் போயின. பின்னால் வந்த அசிட்டேட் பிலிம் அவ்வளவு சுலபமாகப் பற்றி எரியாது, ஆனால் புழுக்கத்தில் அழுகும். டப்பாவைத் திறந்தால் காடி நாற்றம் அடிக்கும். பிலிம் சுருங்கி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் வைத்தால் பல தலைமுறைக்குத் தாங்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் எத்தனை வருஷம் தாங்கும்?

மீட்பது எப்படி? இது மந்திரமல்ல, உழைப்பு. கிடைத்த நெகட்டிவையும் பிரிண்ட்டையும் முதலில் கையால் பரிசோதிப்பார்கள். கிழிந்த ஓரத்தை ஒட்டுவார்கள். பூஞ்சையைத் துடைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகக் கம்ப்யூட்டருக்குள் படம் பிடிப்பார்கள். ஒரு வினாடிக்கு 24 கட்டம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 கட்டம். ஒவ்வொன்றிலும் உள்ள கீறலையும் புள்ளியையும் ஆள் உட்கார்ந்து நீக்க வேண்டும். ரிங் பிரேமில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து ஒட்டுகிற பெண்ணின் வேலைதான் இது. கண்ணும் விரலும் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். இந்த வேலையை உலகத்துக்கே செய்து கொடுக்கிறவர்கள் யார்? சென்னைப் பிள்ளைகள். பிரசாத் நிறுவனத்தில் வெளிநாட்டுப் படங்களெல்லாம் சுத்தமாகிப் போகின்றன. ஊரானின் படத்தைத் துடைத்துக் கொடுக்கிற கை நம்மிடம் இருக்கிறது, நம் படத்தைத் துடைக்கத்தான் நாதியில்லை.

மீட்பது என்ற பேரில் கெடுப்பதும் நடக்கிறது. பழைய படம் ஏறக்குறையச் சதுரத் திரைக்கு எடுத்தது. அதை அகலத் திரைக்கு இழுப்பதற்காக மேலேயும் கீழேயும் வெட்டுகிறவர்கள் உண்டு. நடிகருக்கு நெற்றி போகும், நடனக்காரிக்குப் பாதம் போகும். கறுப்பு வெள்ளைக்குச் சாயம் பூசுகிறவர்களும் உண்டு. எடுத்தவன் எப்படி எடுத்தானோ அப்படியே திருப்பிக் கொடுப்பதற்குத்தான் மீட்பு என்று பெயர். மற்றது வியாபாரம்.

இப்போது குஜராத்துக்கு வாருங்கள். 1976ல் சியாம் பெனகல் ‘மந்தன்’ என்ற படத்தை எடுத்தார். பால் கூட்டுறவுச் சங்கம் கட்டுகிற கதை. படத்துக்குப் பணம் போட்டவர்கள் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள். தலைக்கு 2 ரூபாய். பெரும் பணக்காரன் ஒருவனும் இல்லை. படம் வெளிவந்ததும் கிராமத்து ஜனங்கள் லாரியேறி வந்து, தங்கள் படத்தைத் தாங்களே பார்த்தார்கள். அந்தப் படத்தின் நெகட்டிவும் கெட்டுத்தான் போயிருந்தது. ஆனால் 2024ல் மீண்டுவிட்டது. மும்பையிலுள்ள பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் பொறுப்பெடுத்துக்கொண்டது. குஜராத் பால் கூட்டுறவு இணையம் துணை நின்றது. பிரான்சில் கான் விழாவில் காட்டினார்கள், ஜூன் மாதம் இந்தியாவில் பல ஊர்த் தியேட்டர்களிலும் போட்டார்கள். அந்த ரிப்பேர் வேலையில் பெரும் பங்கு எங்கே நடந்தது? இத்தாலியிலும் நம் சென்னையிலும்!

‘மந்தன்’ பலர் பணத்தில் வந்த படம், ‘பாதை தெரியுது பார்’ படமும் பலர் பணத்தில் வந்த படம். ஒன்று பிழைத்தது, ஒன்று செத்தது. வித்தியாசம் என்ன? குஜராத் விவசாயிகளின் இணையம் ஐம்பது வருஷம் கழித்தும் நிற்கிறது, அது எங்கள் படம் என்று சொல்லுகிறது. நம் படத்தை எங்கள் படம் என்று சொல்ல யார் வந்தார்கள்? பங்குதாரர்கள் கலைந்தார்கள். நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் 1988ல் மறைந்தார்கள். சங்கங்கள் நாம் இருந்தோம். மாநாடு நடத்தினோம், மலர் போட்டோம், படத்தின் பாட்டை மேடையில் பாடினோம். ஒரு பிரிண்ட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நமக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இதைச் சொல்ல நாக்கூசுகிறது. முதலாளி விட்டுவிட்டான் என்று சொல்வது சுலபம், நாமும்தான் விட்டோம்.

“கூலி உயர்வுக்குப் போராடுகிற நேரத்தில் பழைய சினிமா எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கிளைக் கூட்டத்திலேயே கேட்டார் ஒருவர். கேட்க வேண்டிய கேள்விதான்.

வேடசந்தூர் ரோட்டிலும் வடமதுரை ரோட்டிலும் போய்ப் பாருங்கள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். நம் ஜில்லாப் பிள்ளைகளும், ஒரிசா, பீகார் பிள்ளைகளும். வாசலில் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் படம் போடுவார்கள். என்ன படம்? ஒரே ஆள் ஐம்பது அடியாட்களை அடிப்பான், மில் முதலாளியைத் திருத்துவான். கடைசியில் முதலாளியின் மகளைக் கட்டிக்கொள்வான். அத்தோடு வர்க்கப் போராட்டம் முடிந்தது, சுபம்! இதைப் பார்த்து வளருகிற பிள்ளையிடம் போய், “நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், அம்மா” என்றால் அவளுக்கு அது புரியுமா? சேர்ந்து நிற்பதைத் திரையில் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லையே! அந்தப் பெரியவர் தம் பேத்திக்குக் காட்ட ஆசைப்பட்டது இதைத்தான்.

சினிமாவின் பலம் திண்டுக்கல்லுக்குத் தெரியாததா? 1973 மே மாதம் இங்கே பார்லிமெண்ட் இடைத்தேர்தல் நடந்தது. பிறந்து ஏழு மாதமான கட்சி ஆளும் கட்சியைத் தோற்கடித்தது. அந்த மாதமே எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. படம் வெறும் பொழுதுபோக்கு என்று வேறு ஊர்க்காரன் சொல்லலாம், நம் ஊர்க்காரன் சொல்லக் கூடாது.

இன்னொரு படத்தைச் சொல்லுகிறேன். பிமல் ராய் 1953ல் எடுத்த இந்திப் படம் ‘தோ பீகா ஜமீன்’. ஒரு ஏக்கரில் முக்கால்வாசிகூட இல்லாத நிலம், நடுவில் கிடக்கிறது. சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் ஜமீன்தார் மில் கட்டுவதற்குப் பேசிவிட்டான். விவசாயி சம்பு கொடுக்க மாட்டேன் என்கிறான். கடன் கணக்கைப் பெருக்கிக் காட்டி கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள். அவன் கல்கத்தாவில் ரிக்ஷா இழுக்கிறான். திரும்பி வரும்போது நிலத்தில் மில் எழும்புகிறது. ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான், அதையும் காவல்காரன் பிடுங்கிக்கொள்கிறான். இந்தக் கதை வேடசந்தூர்க்காரனுக்குப் புதிதா? நத்தம் பக்கத்து மாந்தோப்புக் கூலிக்குப் புதிதா? அந்தப் படத்தையும் மீட்டுவிட்டார்கள். 2025 செப்டம்பரில் இத்தாலியில் வெனிஸ் விழாவில் காட்டினார்கள். பட்டு உடுத்திய சீமான்கள் கை தட்டினார்கள். சரி, நல்லது. சம்புவைப் போல நிலம் இழந்தவன் அதை எப்போது பார்ப்பான்? மீட்டதை வெனிசுக்கு மட்டும் எடுத்துப் போனால் பாதி வேலைதான் முடிந்தது. ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு புரொஜக்டரும் இருந்தால் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலும் காட்டலாம். தமிழில் வசனத்தைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் போதும். மௌனப் பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன ஆட்கள் இருக்கவில்லையா? 1905ல் டென்ட் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டுபோன சாமிக்கண்ணு வின்சென்ட் யார்? திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்.

பணம் இல்லை என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டெல்லி சர்க்கார் திரைப்படப் பாரம்பரியத் திட்டம் என்று 597 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டது. 2022 மே மாதம் புனேக்கு வந்த மந்திரி, மீட்பு வேலைக்கு மட்டும் 363 கோடி என்று அறிவித்தார். அதே வருஷம் புனே காப்பகத்தைத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். 1964ல் ஆரம்பித்து, பி.கே. நாயர் போன்ற ஒரு மனிதர் ரயிலிலும் பஸ்சிலும் அலைந்து டப்பா டப்பாவாகச் சேர்த்த காப்பகம் அது. நாயர் எது நல்ல படம், எது கெட்ட படம் என்று பார்க்கவில்லை, கிடைத்ததையெல்லாம் காப்பாற்று என்றார். அதுதான் சரியான நியாயம். பொறுக்கி எடுக்கிற வேலையை வியாபாரிக்கு விட்டால் ‘கர்ணன்’ மட்டுமே மிஞ்சுவான்.

நம் ராஜ்ய சர்க்காருக்கு வருவோம். 2024ல் பூந்தமல்லியில் 500 கோடி ரூபாயில் திரைப்பட நகரம் என்று அறிவித்தார்கள். புதுப் படம் எடுக்க மாளிகை கட்டட்டும். அதில் ஒரு மூலையில் குளிர் அறை ஒன்று கட்டி, தமிழ்ப் பட நெகட்டிவுகளை வைக்கக் கூடாதா? கேரளத்தில் சலச்சித்ர அகாதமி பழைய மலையாளப் படங்களை மீட்கிறது. இங்கே சினிமாவிலிருந்து முதல் மந்திரிகளே வந்தார்கள், ஆனால் சினிமாவுக்கென்று அப்படி ஒரு காப்பகத்தை எழுப்பவில்லை! பட்டுக்கோட்டையாரின் எழுத்தைச் சர்க்கார் நாட்டுடைமை ஆக்கியது. வாரிசுக்குப் பணம் கொடுத்து, எழுத்தை ஜனங்களுக்குச் சொந்தமாக்குகிற நல்ல ஏற்பாடு அது. அதே போல, உரிமை கேட்க ஆளில்லாத அனாதைப் படங்களை நாட்டுடைமை ஆக்கு, மீட்டு எடு, பள்ளிக்கும் சங்கத்துக்கும் இலவசமாகக் கொடு என்று நாம் கேட்க வேண்டும். புத்தகத்துக்கு இருப்பது போல சினிமாவுக்கும் கட்டாயப் பிரதிச் சட்டம் கேட்க வேண்டும். டெல்லிப் பார்லிமெண்டில் கேட்க நமக்கு ஆள் இல்லாமலில்லை.

‘பாதை தெரியுது பார்’ திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது என்று கையை விரிக்க நான் தயாரில்லை. ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் 1927ல் ‘மெட்ரோபொலிஸ்’ எடுத்தார். பூமிக்கு மேலே முதலாளிகளின் நகரம், பூமிக்கு அடியில் தொழிலாளிகளின் நகரம். படம் வந்த கையோடு வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டிய பகுதி எண்பது வருஷம் இல்லாமலேயே இருந்தது. 2008ல் எங்கே கிடைத்தது? தென் அமெரிக்காவில், புவனோஸ் ஏர்ஸ் நகரத்துச் சினிமா மியூசியத்தில், தேய்ந்துபோன ஒரு சின்ன பிலிம் பிரதி. 2010ல் படத்தை ஏறக்குறைய முழுசாகத் திருப்பிக் காட்டினார்கள். தமிழ்ப் படங்கள் அந்தக் காலத்தில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டி பெட்டியாகக் கப்பலேறின. திரும்பி வராத பெட்டிகள் உண்டு. யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ ஒரு கிட்டங்கியில் ஒரு பெட்டி இல்லை என்று யார் சொன்னது? அங்கே உறவினர் உள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள்.

உள்ளூரிலும் தேடலாம். திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் பழைய ஆபரேட்டர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எண்பது வயதுக்காரர்கள். பரண் மேல் டப்பா வைத்திருப்பார்கள். வீட்டுப் பிள்ளைகள் குப்பை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் இருந்த கொட்டகை எது, ஓட்டியவர் யார், பெட்டி எங்கே போனது என்று ஒரு நோட்டில் எழுதட்டும்.

டப்பா கண்ணில் பட்டால் மேலே ஒட்டிய காகிதத்தைக் கிழிக்காதீர்கள். ரீலை இழுத்துப் பார்க்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். அடுப்புப் பக்கம் வைக்கவே வேண்டாம். மிகப் பழையதாக இருந்தால் தீப்பிடிக்கும். காடி வாடை அடித்தால் மற்ற டப்பாக்களிலிருந்து தனியாக எடுத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பெயரைக் குறித்து, ஜில்லாச் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், நாங்கள் வந்து பார்த்து, காப்பகத்துக்கு எழுதுகிறோம். பெயர் அழிந்துபோயிருந்தாலும் சொல்லுங்கள்.